யெர்கா தட்டைத் தள்ளி வைக்கிறாள்

புந்தா அரேனாஸில் காற்று மிஞ்சும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்
அக்கா அதை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள்.
நான் ஒரு கையால்கூடப் பிடிக்கவில்லை.
என்னை அசைக்க இந்த ஊர்க் காற்றுக்குத் தெம்பு போதாது.

எதிரே வந்தவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான்.
ஒருத்தியின் பங்கையும் சேர்த்து
இன்னொருவன் தின்றுவிட்டான் என்று நினைத்திருப்பான்.

அது உண்மைதான்.

ஏழு வருஷம் நான்தான் தின்றேன்.
மேசைக்கு அடியில், அவள் முழங்காலிலிருந்து என் முழங்காலுக்கு
கைக்குட்டையில் சுற்றி வரும்
ஆட்டிறைச்சி, ஆறிய உருளைக்கிழங்கு,
சில நாள் வெறும் கொழுப்பு.
தட்டு காலியாகாமல் யாரும் எழக்கூடாது. அப்பாவின் சட்டம்.
அழுதால் இன்னொரு கரண்டி. அதுவும் சட்டம்.
அம்மா ஒரு திங்கட்கிழமை எதிர்க்கரைப் படகில் ஏறியவள்
திரும்பவில்லை.
அவள் நாற்காலியில்
அப்பாவின் பெல்ட் உட்கார்ந்திருந்தது.

தகரக்கூரை தடதடக்கும்.
விறகடுப்பு கனகனவென்று எரியும்.
வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு
எங்கள் ஜன்னல் எவ்வளவு இதமாய் இருந்திருக்கும்!

டாக்டர் இபார்ரா சின்னப் பெண், பேனாவைக் கடிக்கிறவள்.
தூக்கம் வருகிறதா,
காலையில் எழ மனமில்லாமல் கிடப்பதுண்டா,
சாகலாம் என்று தோன்றியதுண்டா,
எப்போதிலிருந்து?
'எப்போதிலிருந்து' என்றதும் யெர்கா ஜன்னலைப் பார்த்தாள்.
'இந்த ஊரில் காற்று எப்போது ஆரம்பித்தது?' என்று கேட்டாள்.
டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

காகிதத்தை நான் எட்டிப் பார்த்தேன்.
மனச்சோர்வுக்கு ஒரு பக்கம்.
உணவுக்கு ஒன்றரைப் பக்கம்.
குழந்தைப் பருவம் என்ற இடத்தில்
ஒரே ஒரு வரிக்குத்தான் கோடு போட்டிருந்தது.

எனக்கு யாரும் காகிதம் நீட்டியதில்லை.
'தானிலோ நல்லாச் சாப்பிடுறவன்' என்பார்கள்
கல்யாண வீடுகளில், முதுகில் தட்டி.
இரவு டாக்ஸியைக் கடற்கரைச் சாலையில் நிறுத்தி
விளக்கணைத்துவிட்டு நான் தின்பது அவர்களுக்குத் தெரியாது.
ருசி எனக்குத் தெரியாது.
யாரோ நாற்காலியை நகர்த்துவதற்குள்
முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.
பிறகு ஸ்டீயரிங்கில் நெற்றி வைத்துக் கிடப்பேன்.
ஒரு முறை போலீஸ்காரன் கண்ணாடியைத் தட்டி
உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டான்.
பதில் சொல்ல யோசிக்க வேண்டியிருந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
நினைக்கிறோம்.
செத்துப் பதினோரு வருஷமாகிறது அவர்.
இன்னும் மூன்று வேளையும் நினைக்கிறோம்.

மூன்றாம் மாடியில் அவளுக்கு ஒரு கட்டில்.
பகலில் சூப்பும் ரொட்டியும் வந்தன.
நர்ஸ் நெல்டா திரும்பி நின்ற நொடியில்
யெர்கா தட்டை என் பக்கம் தள்ளினாள்,
அறியாமல்தான், முப்பத்தெட்டு வயதில்.
என் கையும் அறியாமல் நீண்டுவிட்டது.

'எனக்குப் பசியில்லை' என்றேன்.

வாழ்நாளில் முதல் தடவை சொல்கிறேன். பொய்தான்.

அவள் சாப்பிட்டாள் என்று எழுத ஆசை.
சாப்பிடவில்லை.
கரண்டியின் குழியில் தன் முகம்
தலைகீழாய்த் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சூப்பின்மேல் ஆடை படர்ந்தது.
'அவ்வளவையும் எப்படிடா மென்ன?'
'எங்க மென்னேன்? முழுங்கினேன்.'
சிரித்துவிட்டோம், இருவரும்,
நெல்டா திரும்பிப் பார்க்குமளவுக்கு.
சிரிப்பு நின்றபின்னும் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

நாளை எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டேன்.
பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம், என்றாள் நெல்டா.
'அந்நேரம் வேண்டாம்' என்றாள் யெர்கா.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே போனபிறகு
'சரி, வா' என்றாள்.

'கைக்குட்டை கொண்டுவராதே.'